தேனீ வரும் வரை ஓயமாட்டோம்

திலகவதிக்கு வந்த பதிவுத் தபாலில் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. "தங்கள் பராமரிப்பில் உள்ளதாகச் சொல்லப்படும் தேனீக்கள், சங்கத்தின் வரலாற்றுக்கு முரணாக நடந்துகொள்வதாகத் தெரிய வருவதால், ஏழு நாட்களுக்குள் நேரில் ஆஜராகி விளக்கமளிக்குமாறு இதன்மூலம் அறிவுறுத்தப்படுகிறீர்கள்." கீழே வட்ட முத்திரை. முத்திரைக்கு நடுவில் ஒரு பூச்சி.

அவள் மூன்று தரம் படித்தாள். ஊத்துக்கோட்டைக்குக் கிழக்கே அரை ஏக்கரில் பாகற்பந்தல் போட்டு, வரப்போரம் நாலு தேனீப் பெட்டி வைத்திருப்பவள் அவள். அதற்கு முன் அந்த வீட்டுக்கு வந்த பதிவுத் தபால்கள் இரண்டு. ஒன்று பங்காளி அனுப்பிய வக்கீல் நோட்டீஸ். இன்னொன்று புருஷன் குணாவைப் பழைய கம்பெனியில் வேலையைவிட்டு நிறுத்தியது. கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கப்படும் எதுவும் நல்லதாக இருக்காது என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது.

குணா கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருட்டாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. ஷிப்ட் முடித்து வந்தவன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான்.

"இன்னா பண்ணுச்சு உன் பூச்சிங்க?" என்றான்.

"ஒண்ணும் பண்ணலியே. பூவுக்குப் போவுது, வருது. அவ்ளோதான்."

"வரலாறுன்னு எழுதிக்கிறானே. வரலாத்துல கைவெச்சா சும்மா உடுவாங்களா?"

தப்பு எங்கே நடந்தது என்று இருவரும் யோசித்தார்கள். போன வாரம் ஒரு பெட்டியின் தேனடையில், மெழுகைத் தின்னும் மெழுகுப்பூச்சி விழுந்திருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் திலகவதி, கவரைப்பேட்டை சாலையில் ஒரு பலகையில் பார்த்த எண்ணுக்குப் போன் செய்தாள். 'வட்டாரத் தேனீ மீட்புச் சங்கம். தேனீ சம்பந்தமான சந்தேகங்களுக்கு இருபத்து நான்கு மணி நேரமும் அழைக்கலாம்' என்று அதில் எழுதியிருந்தது. எடுத்தவர், அவள் சொன்னதை இரண்டு தரம் திரும்பச் சொல்லச் சொன்னார். அப்புறம் ஊர், பெயர், புருஷன் வேலை செய்யும் இடம் எல்லாம் கேட்டுக்கொண்டார். மெழுகுப்பூச்சிக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. அந்த எண் வைத்த இருபத்தாறு வருஷத்தில் தேனீ சம்பந்தமாக வந்த முதல் அழைப்பு அதுதான் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

ஐந்தாம் நாள் பெரியபாளையம் வழியாக இரண்டு பஸ் மாறி அவள் கும்மிடிப்பூண்டிக்குப் போனாள். சிப்காட் சாலையில் ஒரு வெல்டிங் ராடு கடைக்கு மாடியில் சங்க அலுவலகம். சன்னல்களுக்கெல்லாம் மூன்று அடுக்கு வலை. இரட்டைக் கதவு. ஒன்றைச் சாத்தினால்தான் மற்றது திறக்கும். வாசலில் இருந்த காவலாளி அவள் தலையிலிருந்த இரண்டு முழம் மல்லிகையைக் கழற்றி வெளியே வைக்கச் சொன்னார். பூ உள்ளே போகக்கூடாதாம். ஏன் என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

உள்ளே சுவர் முழுக்க மாலை போட்ட முன்னாள் தலைவர்களின் படங்கள். அதற்கு மேலே பெரிய எழுத்தில் 'தேனீ வரும் வரை ஓயமாட்டோம்' என்று எழுதியிருந்தது. மேசைக்குப் பின்னால் தலைவர் நாராயணமூர்த்தி இருந்தார். ஒரு பெயின்ட் கம்பெனியில் முப்பது வருஷம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அது எப்படித் தீப்பிடிக்கும் என்றுதான் முதலில் யோசிப்பார். பக்கத்தில் செயலாளர் அன்புசெல்வன். அவருக்கு முன்னால் செங்கல் கனத்தில் ஒரு புத்தகம். அதுதான் சங்க வரலாறு.

உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே கேட்டாள். அன்புசெல்வன் புத்தகத்திலிருந்து நிதானமாக எடுத்துச் சொன்னார். சங்கம் தொடங்கியபோது ஒரு பெட்டித் தேனீ இருந்தது. தொடக்க விழாவில் சிறப்பு விருந்தினர் இரண்டேகால் மணி நேரம் பேசினார். பட்டாசு வெடித்தார்கள். கற்பூரம் ஏற்றினார்கள். விழா முடிவதற்குள் தேனீக்கள் மொத்தமாகக் கிளம்பிப் போய்விட்டன. வரலாற்றில் இதற்கு 'வெளிநடப்பு' என்று பெயர். அதற்குப் பிறகு இந்த வட்டாரத்தில் தேனீ அற்றுப்போய்விட்டது என்று ஒரு குழு ஆராய்ந்து முடிவு செய்தது. அன்றிலிருந்து தேனீயை மீட்பதே சங்கத்தின் பணி. இருநூற்றுப் பதினாலு உறுப்பினர்கள், பதினேழு துணைக்குழுக்கள். ராணித் தேனீ நியமனக் குழு தனி, கொட்டு நிவாரணக் குழு தனி. வருஷா வருஷம் வெளிநடப்பு நாள் கொண்டாடுகிறார்கள்.

திலகவதிக்கு நெஞ்சில் இருந்த கல் கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்தது. இவர்கள் தேடுகிற பொருள் தன்னிடம் இருக்கிறது. சொன்னால் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தாள்.

"வந்துடுச்சிங்க சார்," என்றாள். "நாலு பொட்டியும் நல்லா கீது. பாகக்கா காய்ப்பு ரெண்டு பங்கு ஆயிடுச்சு."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, பயம் இருந்தது. தன்னை மிரட்டுகிறவர் தன்னைவிடப் பயந்திருந்தால் அவர் எதுவும் செய்வார் என்று அவளுக்குத் தோன்றியது.

"இங்க பாரும்மா," என்றார் தலைவர். "இருபத்தாறு வருஷமா தேனீக்காக நாங்க ராப்பகலா பாடுபட்டுக்கினு இருக்கோம். நாங்க கொண்டு வராம அது எப்படி வரும்? அடுத்த வாரம் புதன்கிழமை மேலிடத்துக் குழு வருது. மீட்புப் பணியை இன்னும் பத்து வருஷத்துக்கு நீட்டிச்சுத் தரப்போறாங்க. தேனீ இல்லாததாலதான் தருவாங்க. நேத்து வந்த நாலு பூச்சிக்காக ஒரு இயக்கத்தையே கலைச்சுடச் சொல்றியா நீ?"

இல்லை என்று அவள் தலையாட்டினாள். எதற்கு ஆட்டினோம் என்று அவளுக்கே புரியவில்லை.

அன்புசெல்வன் தணிவாக ஒரு வழி சொன்னார். அவை ஈக்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். ஈயை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். தாளும் பேனாவும் அவள் பக்கம் நகர்ந்தன. திலகவதி பேனாவை எடுத்தாள். எடுத்துவிட்டாளே தவிர எழுத வரவில்லை. காலையில் கிளம்பும்போது பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டுத்தான் வந்திருந்தாள். கால் நிறைய மஞ்சள் மகரந்தத்தை அப்பிக்கொண்டு, சுமை தாங்காமல் வாசற்பலகையில் தடுக்கி விழுந்து எழுந்து உள்ளே போகிறவற்றைப் போய் ஈ என்று எப்படி எழுதுவது?

"தேனீதான் சார்," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அப்படியானால் ஆய்வுக் குழு வரும் என்றார்கள். புருஷன் வேலை பார்க்கும் ஆலையின் மனிதவள அதிகாரி தமக்கு ரொம்ப வேண்டியவர் என்பதையும் தலைவர் போகிற போக்கில் சொன்னார். இரட்டைக் கதவைத் தாண்டி வெளியே வந்தபோது திலகவதி மல்லிகையை எடுத்துக்கொள்ள மறந்துபோனாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, பதினொரு மணிக்கு ஆய்வுக் குழு வந்தது. வேனில் ஐந்து பேர். தீயணைப்பு வீரர்கள் போடுகிற வெள்ளி நிற உடை, தலைக்கவசம், முழங்கை வரை ரப்பர் கையுறை. சித்திரை வெயிலில் அந்த உடைக்குள் வெந்துகொண்டிருந்தார்கள். வேன் பந்தலுக்கு ஒரு பர்லாங்கு முன்னாலேயே சாலையில் நின்றுவிட்டது. யாரும் இறங்கவில்லை. கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி, அன்புசெல்வன் ஒலிபெருக்கிக் குழாயை அதில் வைத்துக் கேள்வி கேட்டார்.

"தங்களிடம் இருப்பது தேனீயா, ஈயா? ஒரே வார்த்தையில் பதில் சொல்லவும்."

தேனீ என்று வரப்பில் நின்று அவள் கத்திச் சொன்னாள். அக்கம்பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். திலகவதிக்குக் கூச்சமும் பயமும் ஒன்றாய்ச் சேர்ந்து காதை அடைத்தது.

இரண்டாவது கேள்விக்கு முன்பே ஒரு தேனீ பறந்து போய் வேனின் முன்கண்ணாடியில் உட்கார்ந்தது. வெளிப்பக்கம்தான். களைத்திருக்கும் போல, உட்கார்ந்து உணர்கொம்பைத் துடைத்துக்கொண்டிருந்தது. வேன் கண்ணாடி சட்டென்று மேலே ஏறியது. காற்றுத் துவாரம் வழியாக வந்துவிடும் என்று ஏசியையும் நிறுத்திவிட்டார்கள். இஞ்சினைப் போட்டால் அதற்குக் கோபம் வரும் என்று அதையும் போடவில்லை. ஐந்து வெள்ளி உருவங்கள் உள்ளே அசையாமல் இருந்தன. இரண்டு நிமிஷத்தில் தேனீ போய்விட்டது. அது போனதை யாரும் நம்பவில்லை. ஒன்றரை மணி நேரம் அப்படியே இருந்தார்கள். போய்விட்டது, இறங்கலாம் என்று திலகவதி சைகை காட்டியபோது, கிட்டே வராதே என்று உள்ளேயிருந்து கும்பிட்டார்கள்.

அறிக்கை மறுநாளே வந்தது. 'மேற்படி பெண்மணியின் ஏவலின் பேரில் ஒரு பறக்கும் உயிரினம் ஆய்வுக் குழுவின் வாகனத்தைத் தொண்ணூறு நிமிடம் சிறைபிடித்தது' என்று அதில் இருந்தது. சங்கத்தின் சான்று பெறாத பூச்சிகள் என்பதால், வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பூச்சிமருந்து அடித்து அப்புறப்படுத்தப்படும். தேனீக்களை மீட்கும் பணியின் ஒரு பகுதியாகவே இது செய்யப்படுகிறது. ஒத்துழைப்புக்கு நன்றி.

அன்று திலகவதிக்குச் சோறு இறங்கவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தாள். ராணி அடையின் நடுவில் மெல்ல நடந்துகொண்டிருந்தது. சுற்றிலும் இருந்தவை தலையை அதன் பக்கமே திருப்பி வழிவிட்டன. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு இதெல்லாம் கறுப்பாய்க் குவிந்து கிடக்கும் என்று நினைத்தாள். வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குள் போலீஸ் வந்தாலும் இப்படிப் பயந்திருக்க மாட்டாள். போலீஸிடம் என்ன சொல்ல வேண்டும் என்றாவது தெரியும்.

குணாதான் யோசனை சொன்னான். அவளுடைய அக்கா அஞ்சம்மாள் எல்லைக்கு அந்தப் பக்கம் நாகலாபுரத்தைத் தாண்டி ஒரு கிராமத்தில் வாக்கப்பட்டிருந்தாள். மாந்தோப்பு இருக்கிறது. சங்கத்தின் வரலாறு ஆந்திராவுக்குள் செல்லாது. பழவேற்காட்டிலிருந்து மீன் ஏற்றி விற்கும் ஹனீப், குணாவோடு ஒரே பள்ளியில் படித்தவன். குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி வைத்திருந்தான். கேட்டதும் சரி என்றுவிட்டான்.

வியாழக்கிழமை பொழுது சாய்ந்து, கடைசித் தேனீயும் உள்ளே அடங்கியதும், திலகவதி நாலு வாசலையும் வலைத்துணி வைத்து அடைத்தாள். மீன் பெட்டிகளுக்கு நடுவில் தேனீப் பெட்டிகளை வைத்துக் கயிறு கட்டினார்கள். அவள் முன்னால் ஹனீப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மீன் கவிச்சி பிடிக்கவில்லையோ, ஆட்டம் பிடிக்கவில்லையோ, ஊத்துக்கோட்டையைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து இரைச்சல் கிளம்பிவிட்டது. நாலு பெட்டியும் ஒரே குரலில் இரைந்தன.

சோதனைச் சாவடியில் டார்ச் விளக்கோடு ஒருவர் வந்தார். வண்டிக்குள் என்ன என்றார். மீன் என்றான் ஹனீப். அது என்ன சத்தம் என்றார்.

"வண்டி பேஜாரு பண்ணுது சார்," என்றான் ஹனீப். "ரெண்டு நாளா பின்சக்கரத்துல இந்த சத்தம்தான். ஒரு நட்டு லூசாயிருக்கும். கொஞ்சம் குனிஞ்சு பாத்து சொல்றீங்களா?"

அவர் குனியவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு போகச் சொல்லிக் கையைக் காட்டினார். அதன் பிறகு பத்து மைல் தூரம் திலகவதி மூச்சு விட்டாளா என்பது அவளுக்கு நினைவில்லை. மாந்தோப்பில் பெட்டிகளை இறக்கி வலையை எடுத்தபோது, ஒவ்வொன்றாய் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போயின. அக்காள் தோளில் சாய்ந்து அவள் கொஞ்ச நேரம் அழுதாள்.

வெள்ளிக்கிழமை மருந்துத் தெளிப்பான்களோடு ஆறு ஆட்களும், அவர்களுக்கு வெகு பின்னால் அன்புசெல்வனும் வந்தார்கள். வரப்போரம் வெறும் தாங்கிகள் நின்றன.

"செத்துடுச்சுங்க," என்றாள் திலகவதி. ராத்திரியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்ட பொய்.

அன்புசெல்வனின் தோள்கள் தளர்ந்தன. அவர் விட்ட பெருமூச்சில் அத்தனை நிம்மதி இருந்தது. உடனே சுதாரித்துக்கொண்டு தலையைக் குனிந்தார்.

"எல்லாமா?"

"எல்லாமே சார்."

"உடலுங்க?"

"எறும்பு இழுத்துக்கினு போயிடுச்சு."

அவர் சட்டைப் பையிலிருந்து படிவம் எடுத்தார். இறந்த நாள், நேரம், காரணம், நெருங்கிய உறவினர் பெயர். கடைசிக் கட்டத்தில் திலகவதியின் பெயரையே எழுதி, கீழே அவளிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். இறந்தது எது என்று கேட்டிருந்த இடத்தில், அன்று ஈ என்று எழுதச் சொன்னவரே இப்போது தேனீ என்று எழுதியதை அவள் பார்த்தாள். இறந்துவிட்ட பிறகு தேனீயாக இருப்பதில் சங்கத்துக்கு ஆட்சேபம் இல்லை. புதன்கிழமை இரங்கல் கூட்டம், உறவினர் என்ற முறையில் அவசியம் வர வேண்டும், வராவிட்டால் மரணத்தில் சந்தேகம் எழும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நடுவில் வந்த நாட்களில் திலகவதி விடிகாலையில் பந்தலுக்குள் குனிந்து குனிந்து நடந்தாள். ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் வாயில் தேய்த்தாள். ஆயிரம் பூவில் அவளால் முடிந்தது இருநூறு. மற்றவை பிஞ்சிலேயே மஞ்சளாகி உதிர்ந்தன. புதன்கிழமை காலை அக்காள் ஊருக்குப் போய்ப் பெட்டிகளைப் பார்த்து, மெழுகுப்பூச்சி விழுந்த அடையை வெட்டி எறிந்துவிட்டு, அப்படியே கும்மிடிப்பூண்டிக்குப் பஸ் ஏறினாள்.

கல்யாண மண்டபத்தில் கூட்டம். மேடையில் ஆளுயரப் படம், அதற்கு ரோஜா மாலை. படத்தில் இருந்தது குளவி. அது அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது. மேலிடத்துக் குழுவினர் மூவர் நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். திலகவதியை மேடையிலேயே ஓரமாக, வெள்ளைத் துணி விரித்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

தலைவர் பேசினார். "வந்தன. வாழ்ந்தன. நம்மை விட்டுச் சென்றன. அவை உயிரோடு இருந்தபோது அவற்றுக்கு நாம் செய்ய முடியாததை எல்லாம் இனிச் செய்வோம். இருந்த தேனீயைவிட இல்லாத தேனீக்குத்தான் ஒரு சங்கத்தின் அன்பு தேவைப்படுகிறது. இன்னும் பத்து ஆண்டுகள் தாருங்கள். ஒரு தேனீகூட இல்லாமல் இந்தச் சங்கத்தை எங்களால் நடத்திக் காட்ட முடியும்." கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பிறகு எல்லோரும் எழுந்து இரண்டு நிமிடம் மௌனம் காக்கும்படி அன்புசெல்வன் கேட்டுக்கொண்டார்.

எழுந்து நின்றார்கள். கண்களை மூடினார்கள். அப்போதுதான் திலகவதியின் புடவைக் கொசுவத்துக்குள் ஏதோ ஊர்ந்தது.

காலையில் அடையை வெட்டும்போது மடிப்பில் சிக்கிக்கொண்டதாக இருக்கும். வெளிச்சம் தெரிந்ததும் அது வெளியே வந்து அவள் இடுப்பருகில் பறக்க ஆரம்பித்தது. அந்த மௌனத்தில் அதன் ரீங்காரம் மண்டபம் முழுக்கக் கேட்டது. ஒரு தேனீ உயிரோடு இருக்கிறது என்றால் நாலு பெட்டியும் எங்கே என்று கேட்பார்கள். குணாவின் வேலை போய்விடும். எழுதிக் கையெழுத்துப் போட்டது பொய் என்று ஆகிவிடும்.

ஓரக்கண்ணால் பார்த்தாள். தலைவரின் கன்னத்தில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை இறுக மூடி நின்றிருந்தார். ஓடினால் தேனீ இருக்கிறது என்று ஆகிவிடும். நின்றால் கொட்டிவிடும். இருநூற்றுப் பதினாலு பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, கேட்காதவர்களாக, கைகளைக் கோத்து நின்றார்கள். ஒருவர் முழங்கால் நாற்காலியில் தடதடவென்று இடித்துக்கொண்டிருந்தது. இரண்டு நிமிடம் முடிந்தும் முடிந்தது என்று சொல்ல யாரும் வாயைத் திறக்கவில்லை.

மேலிடத்துக் குழுவில் ஒருவர் மட்டும் மெதுவாக என்ன சத்தம் என்று கேட்டார்.

"மைக் சார்," என்றார் அன்புசெல்வன், கண்ணைத் திறக்காமல்.

தேனீ மைக்கை நோக்கித் திரும்பியது. திலகவதி வலது கையை நீட்டினாள். ஒரே வீச்சில் அதை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள். அது கொட்டியது. கட்டைவிரல் அடியிலிருந்து முழங்கை வரை நெருப்புக் கம்பி ஓடியது. எத்தனையோ தரம் கொட்டு வாங்கியவள்தான். அப்போதெல்லாம் கையை உதறலாம், திட்டலாம். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். விரல்களுக்குள் அது இரண்டு தரம் துடித்தது, பிறகு அடங்கியது. கொட்டிய தேனீ பிழைக்காது. அவள் கண்களிலிருந்து நீர் தாரைதாரையாய் இறங்கியது.

சத்தம் நின்றதும் ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள். மேலிடத்துக் குழுவின் தலைவி ஏஞ்சலின் எழுந்து வந்தார். ஐம்பது வயது இருக்கும். திலகவதியின் ஈரக் கன்னத்தையும் மூடிய கையையும் பார்த்துவிட்டு, எத்தனையோ சங்கங்களைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு உண்மையான துக்கத்தை எங்கும் பார்த்ததில்லை என்றார். நீட்டிப்பு ஆணையில் அங்கேயே கையெழுத்தாயிற்று. பத்து என்பதை அடித்துப் பதினைந்து என்று திருத்தினார்கள். அன்புசெல்வன் வரலாற்றுப் புத்தகத்தைப் பிரித்து, உறவினரின் கண்ணீர் அவையை உருக்கியது என்று குறித்துக்கொண்டார்.

தலைவர் மாலையோடு அவளிடம் வந்து, கையைக் கொடும்மா என்றார், புகைப்படத்துக்காக. திலகவதி இடது கையை நீட்டினாள்.